நாலாம் தொட்டியின் கண்ணாடி

திரையில் ஒரு புள்ளி நகராமல் நின்றது.

தாமரை முதலில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மலேசியாவின் கிள்ளானில், காப்பார் சாலையோரக் கையுறைத் தொழிற்சாலை அது. நாலாம் தொட்டியின் சுவரில், கண்ணாடிக்குப் பின்னால் பதித்த கேமரா ரப்பர் பாலை நொடிக்கு நொடி படமெடுத்து அனுப்பும். ஓர் அரிசி அகலம்தான் தெரியும்; அதற்குள் ஆயிரம் துகள்கள் மிதந்து போகும். கட்டியா, குமிழியா என்று பார்த்துக் குறிப்பது அவள் வேலை. உள்ளே விசிறி கலக்கிக்கொண்டே இருப்பதால் எதுவும் ஒரே இடத்தில் நிற்காது. இது நின்றது.

சனிக்கிழமை மத்தியான மழை தகரக் கூரையில் கொட்டிக்கொண்டிருக்க, அமோனியா வாடை மூக்கைக் குத்த, அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தப் புள்ளி நீண்டு கோடானது. பக்கத்தில் இன்னொரு கோடு, அதை ஒட்டி இன்னொன்று, எல்லாம் ஒரே வளைவில். ரேகை. உள்ளேயிருந்து யாரோ கண்ணாடியில் விரலை வைத்திருக்கிறார்கள்.

தொட்டிக்குள் இறங்கிக் கழுவுகிறவன் அவள் புருஷன் முகுந்தன். அவசரமாகப் போன் போட்டாள்.

"எங்க இருக்கீங்க?"

"கேன்டீன்ல லா. மீ கோரேங் சாப்பிடுறேன். ஏன்?"

போன உயிர் திரும்பி வந்தது. ஆனால் படத்தைப் பார்த்த சூப்பர்வைசர் ரெங்கசாமி, "கண்ணாடில அழுக்கு. பால எறக்கிட்டு முகுந்தன உள்ள அனுப்பு" என்றார்.

"இன்னிக்கி வேணாம் பாஸ்."

"ஏன்?"

என்ன சொல்வாள்? விரல் தெரிகிறது என்றால் சிரிப்பார். பாலை வடிக்கும் பொத்தானை அழுத்தினாள். அதற்காகத் தன்னையே திட்டிக்கொண்டாள்.

புருஷன் பெண்டாட்டிக்குள் ஏழு வருஷமாக ஓர் ஏற்பாடு உண்டு. வாக்கிடாக்கியில் யார் என்ன சொன்னாலும் சரி, முகுந்தன் நேரில் வந்து அவளிடம் முகத்தைக் காட்டிய பிறகுதான் அவள் பால் விடும் வால்வைத் திறப்பாள்.

தொட்டி காலியானது. அவன் இறங்கினான். திரையில் துணி தேய்த்துப் போனது. பிறகு வெறும் இருட்டு. பத்து நிமிஷம். இருபது நிமிஷம். மழைச் சத்தத்தைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை.

கதவு திறந்தது. முகுந்தன். நனைந்த தலை, நீலச் சட்டை, அதே சிரிப்பு.

"முடிஞ்சிச்சாங்க?"

தலையாட்டினான். அப்பாடா என்று அவள் வால்வைத் திறந்தாள். குழாய்க்குள் பால் இரைந்து பாய்ந்தது.

திரையில் விரல்.

அழுத்தியது. விலகியது. மறுபடி அழுத்தியது. ரேகை நசுங்கி வெளுத்தது. பிறகு நகம். கண்ணாடியைப் பிறாண்டியது. நகத்தோரத்தில் ரத்தம். கீழிருந்து வெள்ளை ஏறியது.

அவள் நிறுத்தும் பொத்தானை நோக்கிக் கை நீட்டினாள்.

பின்னாலிருந்து வந்த கை அவள் மணிக்கட்டைப் பற்றியது. குளிர்ந்திருந்தது. அமோனியா வாடை. அவள் திமிறியபோது அந்த உள்ளங்கை விரிந்தது.

வழவழவென்ற வெள்ளை. விரல் நுனிகளிலும் ஒரு ரேகை கிடையாது.

சிரிப்பு மாறாமல் அது மறுபடி அவள் கையைப் பற்றியது. பால் பாய்ந்துகொண்டிருந்தது.