கொடியில் நனைந்த சட்டை

மேகமே இல்லாத ஆகஸ்ட் மாலையில், சொட்டச் சொட்ட நனைந்த ஆண் சட்டையோடு வாசலில் வந்து நின்றார் ரோஸ்விதா. முன்னாள் போலீஸ் அதிகாரி கெர்லிண்டே கதவைத் திறந்தார். உள்ளே காபி குடித்துக்கொண்டிருந்த தபால்காரர் தில்மானும் எழுந்து வந்தார். தபால் வேலை முடிந்ததும் துப்பறிய வந்துவிடுவது அவர் வழக்கம், யாரும் கூப்பிட்டதில்லை.

"கொடியில காயப்போட்டிருந்தேன். சத்தமே இல்லாம ஒரு கிளைடர் தலைக்கு மேல போச்சு. சட்டை மேல மழை பெஞ்சுது. வெயில்ல கண்ணு கூசி, எந்தக் கிளைடர்னு தெரியலை. இது மூணாவது வருஷம். கொன்ராட் போன அதே நாள்!"

அவர் கணவர் கொன்ராட், எஞ்சின் இல்லாத அந்த விமானத்தில் நெடுந்தூரம் பறக்கக் கிளம்பி, மலைச்சரிவில் மோதி இறந்தவர். ஊர் திரும்பும்போதெல்லாம் வீட்டுக்கு மேல் தாழப் பறந்து, இறக்கைக்குள் நிரப்பியிருந்த தண்ணீரைக் கொட்டுவார். வந்துவிட்டேன், உருளைக்கிழங்கை வேகப்போடு என்று அர்த்தம். அந்த ஒரு நாள் மட்டும் தண்ணீர் விழவில்லை.

"திங்கட்கிழமை வீட்டை வித்துட்டு மகன்கூடப் போகணும். வர்றது அவர்தான்னா, நான் எப்படிப் போவேன்? நீதான் கண்டுபிடிச்சுச் சொல்லணும் கெர்லிண்டே."

தில்மானின் முகம் வெளுத்தது. 

மூவரும் ஊர் எல்லையிலிருந்த கிளப் மைதானத்துக்குப் போனார்கள். அன்று பறந்தவர்கள் மூன்று பேர். சில்கே ஓட்டியது பழைய மரக் கிளைடர். ஹாரோ, காற்று கைவிட்டதால், எங்கோ தொலைவில் ஒரு பீட்ரூட் வயலில் மத்தியானமே இறங்கிவிட்டான். அவனை அழைத்துவர வண்டி போயிருந்தது. கொன்ராடின் நண்பர் ஒட்மார், தன் கிளைடரின் இறக்கையில் அப்பியிருந்த பூச்சிகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஒட்மார், நீங்க தண்ணியை எங்க கொட்டினீங்க?" என்று கேட்டார் கெர்லிண்டே.

"மத்தியானமே கொட்டிட்டேன். காத்துல பலமில்லை, பாரம் தாங்கலை" என்றார் அவர், நிமிராமல்.

இறக்கைக்கு அடியில் குனிந்து தடயம் தேடிய தில்மான் திடீரென்று அலறினார். "ஐயோ, யாரோ என் வழுக்கையைத் தொட்டாங்க! ஜில்லுனு!"

"பேய்க்கு வேற தலையே கிடைக்கலையா?" என்று சில்கே சிரித்தாள்.

கெர்லிண்டே சிரிக்கவில்லை. எல்லோரையும் அந்த இறக்கை அருகே அழைத்தார்.

"பாரம் இருந்தா கிளைடர் வேகமாப் போகும். அதுக்குத்தான் தண்ணி. இறங்குறதுக்கு முன்னாடி கொட்டிடணும். மரக் கிளைடர்ல தண்ணி ரொப்ப இடமே கிடையாது. அதனால சில்கே இல்லை. ஹாரோ இன்னும் வயல்ல நிக்கிறான். மத்தியானமே கொட்டியிருந்தா, அப்புறம் அடிச்ச காத்துல ஒரு துளிகூட மிஞ்சியிருக்காது. தில்மான் தலையைத் தொட்டது பேய் இல்லை, ஒட்மார். உங்க இறக்கையில மிஞ்சின கடைசிச் சொட்டு."

ஒட்மாரின் கையிலிருந்த துணி நழுவியது.

"முதல் வருஷம் அந்தப் பக்கமா வந்தப்ப பார்த்தேன் அண்ணி. கொடியில அவன் சட்டை மட்டும் தனியா ஆடிச்சு. மனசு கேக்கலை, அவனை மாதிரியே தண்ணியைக் கொட்டிட்டேன். நான்தான்னு தெரிஞ்சா அவன் இன்னொரு தடவை செத்த மாதிரி ஆயிடுமேன்னுதான் பொய் சொன்னேன்."

ரோஸ்விதா கையோடு கொண்டுவந்திருந்த சட்டையின் நுனியைப் பிழிந்தார்.

"எனக்கு முதல் வருஷமே தெரியும்" என்றார். "கொன்ராட் ஒரு தடவைகூடக் குறி பார்த்துக் கொட்டினதில்லை. எப்பவும் பக்கத்து வீட்டுக் கோழிங்க மேலதான். சட்டைக்கு நடுவுல விழுந்தப்பவே, இது அவர் இல்லைன்னு தெரிஞ்சுபோச்சு."

"அப்புறம் எதுக்கு எங்களை..." என்று இழுத்தார் தில்மான்.

"யாராவது வாயைத் திறந்து சொல்ற வரைக்கும் அவர்தான்னு நினைச்சுக்கலாம்ல?"

சொல்லிவிட்டு அழுதார். ஒட்மாரும் அழுதார். பிறகு ரோஸ்விதா ஈரச் சட்டையை உதறி, ஒட்மாரின் தோளில் வைத்து அளவு பார்த்தார்.

"கை கொஞ்சம் நீளம். மடிச்சு விட்டுக்கோ. திங்கட்கிழமை கையெழுத்துப் போட்டுடறேன். புதுசா வர்றவங்க துணியை நனைச்சுத் தொலைக்காதே."