ஏறாத இரண்டு கிலோ

"செருப்போட ஏறினா செருப்பும் சேந்துதான் நிறுக்கும்..."

எடை மெஷின் மேல் நின்றிருந்த அந்தோணி திரும்பினார். பின்னால் ஓர் அம்மா. நரைத்த புருவம்... அதற்குக் கீழே குறும்பு மட்டும் நரைக்காத இரண்டு கண்கள்.

"இரும்ப எடை போட்டே முப்பது வருசம் ஓட்டினவன் நானு. எனக்கே சொல்லித் தர்றீங்களா?"

"கத்துக்கினா தப்பில்ல."

அந்தோணி செருப்பைக் கழற்றினார்.

பொன்னேரி ஆஸ்பத்திரியில் வியாழன்தோறும் இதயம் பலவீனமான முதியவர்களைப் பார்ப்பார்கள். டாக்டர், நர்ஸ் ஜெபா, உப்பைக் குறைக்கச் சொல்ல ஒருவர், நடக்கப் பழக்க ஒருவர்... நாலு பேரையும் பார்த்து முடிக்க மதியமாகிவிடும். அதுவரை பெஞ்சில் பக்கத்தில் அந்த அம்மா, தமிழ்செல்வி. பக்கத்துக் கிராமத்தில் நெல் நிலம், கணவர் இறந்து எட்டு வருடம், வண்டியில் இறக்கிவிட்டுப் போக ஒரு மகன்.

அந்தோணிக்கு அதுகூட இல்லை. மனைவி போய் ஆறு வருடம், மகன் துபாயில். கும்மிடிப்பூண்டி வீட்டில் அவரிடம் பேசுவது குக்கர் விசில் மட்டும்தான்.

"கருவாடு சாப்ட்டீங்களா?" என்பார் தமிழ்செல்வி.

"வாசனை மட்டும் பாத்தேன்."

"அதுலயும் உப்பு இருக்கும்."

இப்படியே நாலு வியாழன் ஓடியது. ஐந்தாவது வாரம் ஜெபா குண்டு போட்டாள். "ஐயா, உங்க எடை நிலையா இருக்கு. இனிமே மாசம் ஒரு தடவை வந்தா போதும். அம்மாவுக்குத்தான் கால் வீக்கம் வடியல, வாராவாரம் வரணும்."

யாராவது நல்ல செய்தி கேட்டு இப்படி முகம் வாடுவார்களா? அந்தோணி வாடினார்.

தினமும் காலையில் எடை பார்த்து எழுத வேண்டும், சட்டென்று இரண்டு கிலோ ஏறினால் நீர் கோக்கிறது என்று அர்த்தம், உடனே சொல்ல வேண்டும். இதுதான் விதி. திங்கட்கிழமை ஜெபா போன் செய்தபோது அந்தோணி கூசாமல் சொன்னார்: "ரெண்டு கிலோ ஏறிக்கீதும்மா."

டாக்டரைக் கேட்டுவிட்டு ஜெபா, நீர் பிரிய இன்னொரு மாத்திரை சேர்த்துப் போட்டு வியாழன் வரச் சொன்னாள். பொய் சொன்ன மனுஷன் மாத்திரை விஷயத்தில் மட்டும் யோக்கியர். தவறாமல் போட்டார்.

வியாழன். வெளியே நல்ல மழை. நனைந்த முந்தானையோடு தமிழ்செல்வி உள்ளே வர, அந்தோணி சிரித்தபடி எழுந்தார்... கண் இருட்டியது. விழப்போனவரின் கையைத் தமிழ்செல்விதான் பிடித்தார்.

படுக்க வைத்து ரத்த அழுத்தம் பார்த்த ஜெபா பதறினாள். "ரொம்ப இறங்கியிருக்கே... ஐயா, உண்மையிலேயே எடை ஏறுச்சா? தப்பாச் சொன்னா மருந்தும் தப்பாப் போகும்."

தமிழ்செல்வி பக்கத்திலேயே நிற்கிறார். மானம் போகும்... போகட்டும்.

"ஏறல. மாசத்துக்கு ஒருவாட்டின்னா இவங்கள பாக்க முடியாதே... அதான் ஏத்திச் சொன்னேன்."

ஜெபா டாக்டரைக் கூப்பிட ஓடினாள். தமிழ்செல்வியின் கண்கள் நிறைந்திருந்தன, கோபத்தோடு.

"பொய் சொல்லி உசுர உட்டிருந்தா? அப்புறம் நான் யார் பக்கத்துல போய் உக்காருவேன்?"

நனைந்த முந்தானையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டு தொடர்ந்தார்.

"நாளையிலேந்து காலையில எடை பாத்ததும் எனக்கு போன் பண்ணணும். நெஜத்த சொல்லணும். என் எடையையும் கேக்கணும்."

"உங்க மவன் எதனா..."

"அவன் கேட்டா நான் சொல்லிக்கிறேன்."

அந்தோணி தன் போனை நீட்டினார். அதில் தன் எண்ணை அழுத்திவிட்டுத் தமிழ்செல்வி கேட்டார், "பேரு இன்னான்னு போடட்டும்?"

"செல்வின்னு போடுங்க."

தமிழ்செல்வியின் விரல் நின்றது. ஊரில் எல்லோருக்கும் அவர் அம்மா, அத்தை, பெரியம்மா.

"அப்படி என்னைக் கூப்ட்டு எட்டு வருசம் ஆச்சு யாரும்," என்றார் மெல்ல. "எழுதிட்டேன்... வாயால ஒருவாட்டி சொல்லுங்க."

"செல்வி..." என்றார் அந்தோணி.