முனிரத்தினம் மாமாவின் ஒரு பிடி

முனிரத்தினம் மாமாவின் கையை முதன்முதலாகப் பார்ப்பவர்கள் அதை முறம் என்றுதான் நினைப்பார்கள்.

உத்திரமேரூர் பக்கம் நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை தூக்குகிறவர் அவர். தோளுக்கு ஒரு மூட்டையாக இரண்டை ஏற்றிக்கொண்டு, "மூணாவது எங்கப்பா?" என்று கேட்பார். ஒருநாள் சந்தையில் ஒரு பூசணிக்காயைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "எலுமிச்சம்பழம் பரவாயில்லையே" என்று சொன்னாராம். நம்பாதவர்கள் பஸ் ஏறிப் போய் விசாரித்துக்கொள்ளலாம்.

அவருக்கு அடுத்த வீடு பிரிஸ்கில்லாவின் வீடு. ஐந்தாம் வகுப்புப் படிக்கும் பிரிஸ்கில்லாவின் கை புறாக்குஞ்சு போல இருக்கும். அந்தக் கையால் சர்ச் மணியை அடித்துவிட வேண்டும் என்பதுதான் அவளுடைய வாழ்நாள் ஆசை.

அது லேசான ஆசை இல்லை. மணி அடிக்கும் பெரியவர் மணிக்கயிற்றின் மேல் காக்காயைக்கூட உட்கார விடமாட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் நடக்கும் ஓய்வுநாள் பள்ளியில், பாடம் சொல்லித்தரும் அனுஷா அக்கா பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு மஞ்சள் துணிப்பையைக் கொடுத்தார்.

"அறுப்பின் பண்டிகைக்கு இன்னும் ரெண்டு வாரம் கீது. வூட்ல உலை வைக்கிறப்பெல்லாம், அந்த அரிசியில இருந்து உங்க கையால ஒரு பிடி எடுத்து இந்தப் பையில போடுங்க. யாரு பை எடை ஜாஸ்தியோ, அவங்க பண்டிகை அன்னிக்கு மணி அடிக்கலாம்!"

பிடி அரிசி அந்தச் சபையில் எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம்தான். காய்ச்சலில் படுத்தவர்களுக்கும், வேலை கிடைக்காத வீடுகளுக்கும் அந்த அரிசி போய்ச் சேரும். ஆனால் மணி அடிக்கலாம் என்று இதுவரை யாரும் சொன்னதில்லை. பிரிஸ்கில்லா வீடு வரைக்கும் பறந்தே வந்தாள்.

அன்று மாலை அம்மா வளர்மதி நாலு ஆழாக்கு அரிசியை முறத்தில் அளந்து வைத்துவிட்டு, தண்ணீர் பிடிக்கத் தெருக்குழாய்க்குப் போனாள். பிரிஸ்கில்லா ஒரு பிடி எடுத்துப் பையில் போட்டாள். பையின் அடியில் எங்கோ போய் ஒளிந்துகொண்டது அரிசி. குலுக்கினால் சத்தம்கூடக் கேட்கவில்லை.

"இப்படிப் போட்டா எனக்குக் கல்யாணம் ஆகிப் பேரன் பொறந்தாலும் பை நெறையாது" என்று முணுமுணுத்தாள்.

அந்த நேரம் பார்த்து வாசலில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு முனிரத்தினம் மாமா வந்தார். ஹேண்டில்பாரே தெரியவில்லை. கைகள்தான் தெரிந்தன.

பிரிஸ்கில்லாவின் மூளையில் பல்பு எரிந்தது. ஒரு பல்பா? திருவிழாவுக்குப் போடும் சீரியல் செட்டே எரிந்தது!

"மாமா, இந்த அரிசியில ஒரே ஒரு பிடி எடுத்து இந்தப் பையில போடேன்."

"இன்னாத்துக்கு பாப்பா?"

"சாமிக்கு."

அவ்வளவுதான். மாமா தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டினார். தொட்டித் தண்ணீரில் முழங்கை வரைக்கும் கழுவினார். "சாமிக்குன்னா சும்மாவா?" என்று ஈரம் போகத் துடைத்துக்கொண்டு ஒரு பிடி அள்ளினார்.

முறத்தில் பாதி அரிசியைக் காணோம். பை தொப்பென்று தரையில் உட்கார்ந்தது.

'என் கைதானே பையைப் பிடிச்சிருந்தது? அப்போ இது என் கையால போட்ட மாதிரிதான்' என்று பிரிஸ்கில்லா தனக்குத் தானே தீர்ப்பு எழுதிக்கொண்டாள்.

தண்ணீரோடு திரும்பி வந்த அம்மா முறத்தைப் பார்த்தாள்.

"இன்னாடி இது? நாலு ஆழாக்கு அளந்து வச்சேனே! எலி வந்துச்சா?"

பிரிஸ்கில்லா மேலே எத்தனை ஓடு இருக்கிறது என்று ரொம்ப அக்கறையாக எண்ணிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை அம்மா தண்ணீருக்குப் போன நேரம் பார்த்து, வேலைக்குக் கிளம்பிய மாமா ஒரு பிடி போட்டார். மாலை திரும்பும்போது ஒரு பிடி. ஒவ்வொரு முறையும் துண்டை அவிழ்த்து, முழங்கை வரைக்கும் கழுவித்தான் போட்டார். ஒருநாள் மாலை மூட்டை ஏற்ற லாரி வந்து நின்றபோதுகூட, "தோ வந்துட்டேன் நைனா, சாமி வேலை" என்று டிரைவரிடம் சொல்லிவிட்டு, சைக்கிளை மிதித்து வந்து போட்டுவிட்டுப் போனார்.

பை கட்டிலுக்கு அடியில் கொழுத்தது. வீட்டில் சோறு மெலிந்தது.

"இன்னா வளரு, சோறு நாளுக்கு நாள் எளச்சிக்கினே போவுதே!" என்றார் ஷேர் ஆட்டோ ஓட்டிவிட்டுப் பசியோடு வந்த அப்பா.

"எலித் தொல்லை தாங்கல. நானும் இன்னாதான் பண்றது?" என்று அம்மா எலிப்பொறி வைத்தாள். தன் தட்டில் இருந்ததில் கொஞ்சம் எடுத்து அப்பா தட்டில் வைத்தாள். கடைசியில் எதிர்வீட்டுப் பூனையைக்கூட இரவல் வாங்கி வந்தாள். அந்தப் பூனை மூன்று நாள் அன்னம் தண்ணீர் இல்லாமல் காவல் காத்துவிட்டு, நாலாம் நாள் மானம் போய்விட்டதாக நினைத்து, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பிப் போய்விட்டது.

படுக்கும் முன் பிரிஸ்கில்லா செய்யும் ஜெபமும் நாளுக்கு நாள் இளைத்தது. முன்பெல்லாம் பள்ளிக்கூட ஆயாம்மா வரைக்கும் எல்லாருக்காகவும் வேண்டுவாள். இப்போதோ, "ஏசப்பா, நன்றி, ஆமென்" என்று மூன்றே வார்த்தை. அதற்கு மேல் பேசினால் அவர் ஏதாவது கேட்டுவிடுவாரோ என்று பயம்.

பண்டிகை நாள் வந்தது. சர்ச் முழுக்கப் பூசணிக்காய், வாழைத்தார், நெற்கதிர்க் கட்டு. அம்மா விருந்துக்குச் சமைக்க விடியற்காலையிலேயே போய்விட்டாள். பிரிஸ்கில்லாவால் பையை அசைக்கக்கூட முடியவில்லை. முனிரத்தினம் மாமாதான் அதைச் சுண்டுவிரலில் மாட்டிக்கொண்டு வந்து வைத்தார். அன்று அவர் இஸ்திரி போட்ட சட்டை போட்டிருந்தார். "நம்ம பாப்பா அரிசி சாமிகிட்ட போறத பாத்துட்டுப் போறேன்" என்று கடைசி வரிசையில் உட்கார்ந்தார்.

அனுஷா அக்கா தராசில் ஒவ்வொரு பையாக வைத்தார். நிறையப் பேர் பாதி நாள் மறந்துபோயிருந்தார்கள். ஒரு வேளைகூட விடாமல் போட்டவன் தினேஷ்குமார் மட்டும்தான். ஈர்க்குச்சிக்குச் சட்டை மாட்டிய மாதிரி இருக்கும் பையன் அவன்.

"தினேஷ்குமார், ஒரு கிலோ நூறு கிராம்! பிரிஸ்கில்லா..." அனுஷா அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். "ஏழரைக் கிலோ!"

சபையின் ஆயர் அசந்துபோனார். பிரிஸ்கில்லாவை முன்னால் அழைத்து, அவள் கையை உயரத் தூக்கிப் பிடித்தார்.

"பாருங்க இந்தக் கையை! எவ்வளவு சின்னக் கை! எவ்வளவு தாராளம்!"

எல்லாரும் கைதட்டினார்கள். கடைசி வரிசையிலிருந்து வந்த கைதட்டலில் கூரைப் புறாக்கள் எல்லாம் காஞ்சிபுரம் பக்கம் பறந்துவிட்டன. முனிரத்தினம் மாமா எழுந்து நின்று தட்டிக்கொண்டிருந்தார். முகமெல்லாம் சிரிப்பு. தான் போட்ட அரிசி என்று பக்கத்து ஆளிடம்கூட அவர் சொல்லவில்லை.

"நம்ம பாப்பா கெலிச்சிடுச்சி!" என்பதோடு சரி.

பிரிஸ்கில்லாவுக்கு வயிற்றுக்குள் ஏழரைக் கிலோவும் இறங்கியது போல இருந்தது. மணிக்கயிறு பத்தடி தூரத்தில் ஆடிக்கொண்டிருந்தது. வாயை மூடிக்கொண்டு பத்தடி நடந்தால் போதும்.

அவள் நடக்கவில்லை.

"ஐயா... அது என் கை இல்ல."

ஆயர் தான் பிடித்திருந்த கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "உன்னோடது தானேம்மா? உன் தோள்லதான ஒட்டிக்கினு கீது?"

எல்லாரும் சிரித்தார்கள். பிரிஸ்கில்லாவுக்கு அழுகை வந்துவிட்டது.

"அரிசி போட்ட கைய சொல்றேன். அக்கா உங்க கையாலன்னு சொன்னாங்க. நான் ஏமாத்திட்டேன். அந்தக் கைதான் போட்டுச்சி. அதோ!"

எல்லாத் தலைகளும் திரும்பின. மாமா வெட்கப்பட்டுக் கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்தார். அது ஒளியவில்லை. இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டு தெரிந்தது.

"அடிப்பாவி! அப்போ அந்த எலி நீதானா?" என்று சமையல் பக்கத்திலிருந்து கரண்டியோடு அம்மா ஓடிவந்தாள். "உன்னால எதிர்வூட்டு பூனை இப்ப எங்கூட பேசறதே இல்ல!"

சிரிப்புச் சத்தத்தில் இரண்டு பூசணிக்காய்கள் உருண்டன.

மாமா எழுந்து கும்பிட்டார். "ஐயா, பாப்பாவ ஒண்ணும் சொல்லாதீங்க. அரிசி அவங்க வூட்டுது. நான் கைய மட்டுந்தான் குடுத்தேன். தப்பா பூட்ச்சா?"

"உங்ககிட்ட ஒரு தப்பும் இல்லீங்க. வாங்க, முன்னால வந்து உட்காருங்க" என்று அவரை அழைத்துத் தன் பக்கத்தில் உட்காரவைத்தார் ஆயர். பிறகு பிரிஸ்கில்லாவிடம் குனிந்து மெதுவாகக் கேட்டார்: "சரி, மணிய யாரு அடிக்கலாம்? நீயே சொல்லு."

பிரிஸ்கில்லா கயிற்றை ஒரு முறை பார்த்தாள். மூக்கை உறிஞ்சினாள்.

"தினேஷ்குமார்."

சொல்லி முடித்ததும் வயிற்றிலிருந்த ஏழரைக் கிலோவும் எங்கே போனதென்றே தெரியவில்லை. அம்மாவின் பக்கம் ஓடிப்போய், "யம்மா, ஒரு வாரத்துக்கு என் தட்டுல கம்மியா வையி" என்றாள். "வந்து சாப்புடுடி மொதல்ல" என்று அம்மா தலையில் செல்லமாகக் குட்டினாள்.

தினேஷ்குமார் கயிற்றைப் பிடித்துத் தொங்கினான். மணி அசையவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு இழுப்பு இழுத்தான். மணி மெல்ல ஆடியது. ஆடின வேகத்தில் கயிறு சர்ரென்று மேலே போனது. கயிற்றோடு தினேஷ்குமாரும் போனான்!

"யம்மோவ்!"

பிரிஸ்கில்லா பாய்ந்து போய் அவன் கால்களைக் கட்டிக்கொண்டாள். மணி மறுபக்கம் ஆடியது. இப்போது இரண்டு பேரும் மேலே போனார்கள்!

முனிரத்தினம் மாமா நாலு வரிசையை ஒரே எட்டில் தாண்டினார். பிரிஸ்கில்லாவின் இடுப்பை ஒரு கையால் பிடித்துக் கீழே இழுத்தார்.

டாண்!

உத்திரமேரூர் ஏரியில் மீன்கள் கரைக்குத் துள்ளின. பெருநகர் ஊருக்குப் போய்க்கொண்டிருந்த பஸ்ஸில் டிரைவர் டயர் வெடித்துவிட்டதென்று இறங்கி நாலு சக்கரத்தையும் தட்டிப் பார்த்தார்.

மேலே தினேஷ்குமார் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு கத்தினான்: "பிரிசி, கால உட்டுடாத!"

"உடமாட்டேன்டா! நீ அடி!"

அவன் அடித்தான்.