கடலுக்கு மேல் பிறை

1978, ஜூன் மாதத்தில் ஒரு சனிக்கிழமை. புதுச்சேரியில் துப்பறியும் ஆதிமூலத்தின் வீட்டுக்குள் வந்த ஆனந்தமேரி, முதலில் கதவைத் தாழிட்டாள். பிறகுதான் உட்கார்ந்தாள்.

“வியாழக்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்கு, நான் குடியிருக்கிற வீட்டுக்காரம்மா வேளாங்கண்ணியம்மா மாடிப்படியிலேருந்து விழுந்து செத்துட்டாங்க. தள்ளிவிட்டது அவங்க அக்கா மகன் சகாயநாதன். நான் பார்த்தேன். போலீசு நம்பல. ஆனா நான் சொன்னது அவனுக்குத் தெரிஞ்சுபோச்சு. நேத்துலேருந்து எதிர்வாசல்ல நிக்கிறான், ஐயா. பேசல. சும்மா பாக்குறான்.”

“ஏன் நம்பலியாம்?”

“அந்நேரம் பீச்சுல போட்டோ எடுத்தானாம். படத்தையும் குடுத்திருக்கான்.”

அவள் கைக்குட்டை முழுக்க நனைந்திருந்தது. ஆதிமூலமும் உதவியாளர் இராமதாசும் அவளை அழைத்துக்கொண்டு காவல் நிலையம் போனார்கள். இன்ஸ்பெக்டர் கலியபெருமாள் ஆளனுப்பிச் சகாயநாதனை வரவழைத்தார். அவன் நுழைந்ததும் ஆனந்தமேரி இராமதாசின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினாள்.

மேசைமேல் படம் கிடந்தது. மங்கிய வெளிச்சம், பழைய துறைமுகப் பாலத்தின் இரும்புத் தூண்கள், அலைகளுக்குச் சற்று மேலே மெல்லிய பிறை, பக்கத்தில் வெள்ளிக் கோள்.

இராமதாஸ் உற்சாகம் இழந்தார். “அன்னிக்கு வெள்ளி பிறைகிட்டதான் சார் இருந்துச்சு. நானும் பார்த்தேன்.”

“எந்தப் பக்கம்?”

“எங்க மாடியிலேருந்து, மில்லு புகைபோக்கிக்கு மேல.”

ஆதிமூலம் சகாயநாதனிடம் திரும்பினார். “தம்பி, இது வியாழக்கிழமை சாயங்காலம் எடுத்ததுதானே?”

“ஆமாங்க. பீச் ரோட்டுல நின்னு.”

“கடலைப் பார்த்து?”

“படத்துலயே தெரியுதே.”

“தெரியுது. நம்ம ஊர்க் கடல் கிழக்கே இருக்கு. சாயங்காலப் பிறை மேற்கே, ஊர்ப்பக்கம்தான் இறங்கும். இராமதாஸ் பார்த்த மாதிரி. பிறை கடலுக்கு மேல தெரியணும்னா அது விடியக்காலம், அமாவாசைக்கு முன்னால. வியாழக்கிழமை அமாவாசை கழிஞ்சு மூணாம் நாள். இது என்னிக்கோ எடுத்த படம், தம்பி.”

சகாயநாதன் ஆதிமூலத்தைப் பார்க்கவேயில்லை. இராமதாசின் தோளுக்கு மேல் தெரிந்த ஆனந்தமேரியின் கண்களையே பார்த்தான்.

“படியில விளக்கே இல்லியே,” என்றான் மெதுவாக. “எப்படி என்னை அடையாளம் தெரிஞ்சுது?”

கலியபெருமாள் எழுந்து கதவை மறித்து நின்றார்.

அவனை உள்ளே கொண்டுபோன பிறகும் அவள் இராமதாசின் பின்னாலிருந்து நகரவில்லை.

“அண்ணே,” என்றாள் இராமதாசிடம், “வீடு வரைக்கும் கூட வாங்க. அந்தப் படியில தனியா ஏற முடியாது என்னால.”