நான்காவது வேண்டாம்

காலை ஆறு மணிக்குக் கழிப்பறை அம்சவேணியின் வயிற்றைப் படித்து முடித்து, "கோளாறு ஏதுமில்லை" என்றது. அடுத்த நொடியில் அந்தச் செய்தி தெருப் பலகையில் பச்சை எழுத்தில் ஏறியது. செவ்வாயைச் சுற்றிவரும் வளையூரில் குடிக்கிற தண்ணீரும் கழிகிற தண்ணீரும் ஒன்றேதான் என்பதால், யாருடைய வயிறும் அவரவர் சொந்த விஷயமாக இருக்கவில்லை. அதற்காக யாரும் வெட்கப்படுவதுமில்லை. எதிர்வீட்டுக்காரர் பல் துலக்கியபடியே பலகையை அண்ணாந்து பார்த்து, "நல்லது" என்று தலையசைத்தார்.

அம்சவேணி கதவுக்குப் பின்னால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தாள்.

பதினோரு வருடமாக இப்படித்தான். ஈரத்துணியைப் பிழிவதுபோல் அடிவயிறு முறுக்கும். உப்பிக்கொள்ளும். ஒருநாள் தண்ணீராகப் போகும், அடுத்த இரண்டு நாள் ஒன்றும் வராது. போய்வந்தால் வலி சற்றுத் தணியும். பலகை மட்டும் எப்போதும் பச்சை. வலிக்கிறது என்று அவள் சொல்லும்போதெல்லாம் கேட்டவர்கள் அவள் முகத்தைப் பார்க்காமல் பலகையைப் பார்த்தார்கள். நாளடைவில் அவளும் தன்னைவிடப் பலகையையே நம்பத் தொடங்கினாள். வலியைவிட அதுதான் கசந்தது.

அவள் கலம் இணைக்கும் வேலைக்குப் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தாள். சரக்குக் கலங்கள் வந்து ஊரோடு பொருந்தும் நேரத்தில் ஓட்டுபவரின் நரம்புகளைக் கலத்தோடு பிணைத்துவிடுவார்கள். திரும்ப நினைத்தால் கலம் திரும்பும். ஐந்து மணி நேரம் நாற்காலியை விட்டு எழ முடியாது. ஓட்டுபவரின் குடல் முறுக்கினால் நாலாயிரம் டன் கலமும் நடுங்கும். இரண்டு தேர்வுகளில் அவளுடைய கலம் நடுங்கியிருந்தது. மூன்றாவதிலும் நடுங்கினால், ஆயுள் முழுக்கப் பாசித்தொட்டி கிண்டுகிற வேலைதான்.

"பரிச்சைன்னா வயித்தக் கலக்குறது பள்ளிக்கூடத்துப் புள்ளைங்களுக்கு," என்றார் இணைப்புத்துறைத் தலைவர் துரைக்கண்ணு. "ஒனக்கு முப்பத்தெட்டு வயசாவுது அம்சா. பலகை பச்சையாத்தான எரியுது?"

தேர்வுக்கு மூன்று மாதம் இருக்கையில், ஊருக்குப் புதிதாக வந்திருந்த மருத்துவர் ஷமீமாவிடம் போனாள். அவர் பலகையைப் பார்க்கவே இல்லை. ரத்தம் போகிறதா, எடை குறைகிறதா, தூக்கத்திலிருந்து வலி எழுப்புகிறதா என்று விசாரித்தார். எதுவும் இல்லை என்றதும், "சரி, எப்பல்லாம் வலிக்குது?" என்றார்.

பதினோரு வருடத்தில் யாரும் கேட்காத கேள்வி. பதில் தனக்கே தெரியவில்லை என்பது அம்சவேணியைத் திடுக்கிட வைத்தது.

"இதுக்கு எரிச்சல் குடல்னு பேரு," என்றார் ஷமீமா. "குடலும் மூளையும் ஓயாமப் பேசிக்கிட்டே இருக்கும். நம்ம மெஷினு கம்பி அறுந்திருக்கான்னு மட்டுந்தான் பாக்கும். உங்க கம்பியெல்லாம் நல்லாத்தான் இருக்கு. அதுல போற சத்தந்தான் ஜாஸ்தி. மத்தவங்களுக்கு முணுமுணுப்பாக் கேக்குறது உங்களுக்குக் கூச்சலாக் கேக்குது."

"அப்ப, நானா கற்பனை பண்ணிக்கல?"

"வலி நெசந்தாம்மா. அடியோட போயிரும்னு நான் பொய் சொல்ல மாட்டேன். ஆனா உங்க கைக்குள்ள கொண்டாந்துடலாம். மொதல்ல ஒரு நோட்டுப் போடுங்க."

நோட்டில் நான்கு பத்திகள் வரைந்தாள். உண்டது, உறங்கியது, பயந்தது, வலித்தது. இத்தனை காலம் மிளகாயைத்தான் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தியிருந்தாள். ஷமீமா சொன்னபடி சில உணவுகளைச் சில வாரம் நிறுத்தி, பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்துப் பார்த்ததில் மிளகாய் பெரிய தப்பு செய்யவில்லை என்று தெரிந்தது. வெங்காயமும் பூண்டும் கோதுமையும்தான் பிடிபட்டன. நின்றுகொண்டே அள்ளி விழுங்கிய காலை உணவுகளும் பட்டியலில் வந்தன.

ஆனால் செவ்வாய்க்கிழமைகள் புரியவில்லை. வெறும் கஞ்சி குடித்த செவ்வாய்க்கிழமையிலும் வலித்தது. ஐந்தாவது வாரத்தில் மூன்றாம் பத்தியைப் படித்தபோது விளங்கியது. செவ்வாய்க்கிழமைதான் துரைக்கண்ணு பயிற்சியைப் பார்வையிட வருவார். அவர் கதவைத் திறக்கும் முன்பே அவள் வயிறு அவரைப் பார்த்துவிடுகிறது. வலி வந்துவிடுமோ என்ற பயம் வலியைக் கூப்பிடுகிறது, வந்த வலி பயத்துக்குச் சோறு போடுகிறது. அந்தப் பக்கத்தை அவள் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். எதிரியின் முகத்தைப் பார்த்தது போலிருந்தது. அந்த முகம் தன்னுடையதாகவே இருந்ததில் அவளுக்குக் கோபம் வரவில்லை, பாவமாக இருந்தது.

மூச்சைப் பழகினாள். வேளைக்கு உட்கார்ந்து மென்று தின்றாள். வயிற்றை அழுத்தாதபடி நாற்காலியின் இடுப்புப் பட்டையை நாலு விரல் கீழே இறக்கித் தரும்படி எழுதிக் கேட்டாள். அப்படி ஒன்றைக் கேட்கலாம் என்பதே அவளுக்கு இதுவரை தோன்றியதில்லை.

தேர்வன்று, மூன்றாவது மணி நேரத்தில் வந்தது. அடிவயிற்றின் இடதுபக்கம் முதல் முறுக்கு. கலத்தின் மூக்கு ஒரு முழம் விலகியது. காதுக்குள் துரைக்கண்ணு பெருமூச்சு விட்டது கேட்டது.

முன்பெல்லாம் இந்த இடத்தில் பல்லைக் கடித்து அதோடு மல்லுக்கு நிற்பாள். கலம் இன்னும் நடுங்கும். இன்று, 'வந்துட்டியா? சரி, ஒரு ஓரமா உக்காரு. எனக்கு வேலை இருக்கு' என்று மனதுக்குள் சொன்னாள். நாலு எண்ணி இழுத்தாள், ஆறு எண்ணி விட்டாள். வயிற்றைத் தளர்த்தினாள். வலி போகவில்லை. உள்ளே உட்கார்ந்து புலம்பிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் அதற்கும் கலத்துக்கும் நடுவில் இப்போது அவள் இருந்தாள். மூக்கு நேரானது. மேலும் இரண்டு மணி நேரம் அது இம்மியும் பிசகவில்லை. கொக்கிகள் 'டக்'கென்று கவ்விக்கொண்டபோது கட்டுப்பாட்டு அறையே எழுந்து கத்தியது. அம்சவேணி பட்டையைக் கழற்றிக்கொண்டு, அழுதபடி, சிரித்தபடி, நேராகக் கழிப்பறைக்கு ஓடினாள்.

மறுநாள் மதியம் விருந்து. ஊரின் தோட்டத்தில் முதன்முதலாக விளைந்த சின்ன வெங்காயத்தை அவளுக்காகவே பறித்துச் சாம்பார் வைத்திருந்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்த துரைக்கண்ணு, எப்படி ஜெயித்தாய் என்று கேட்டு முழுக் கதையையும் கண்கலங்கக் கேட்டார். "அடப்பாவமே, வெங்காயமும் பூண்டுமா உன்ன இந்தப் பாடு படுத்திச்சு!" என்றார். பிறகு பரிமாறும் இயந்திரமான பந்தியனைப் பார்த்துக் கை தட்டினார்.

"ஏய் பந்தியா, அம்சாவுக்கு ரெண்டு கரண்டி சாம்பார் ஊத்து! வெங்காயமா பாத்துப் போடு!"

"வேண்டாம்," என்றாள் அம்சவேணி.

"இன்னைக்கு ஒருநாள்தான, ஒண்ணும் ஆவாது."

"வேண்டாம்ங்க." அவள் தட்டைக் கையால் மறைத்தாள். கரண்டி கையைச் சுற்றிக்கொண்டு வந்தது. "வேண்டாம்!"

"உங்கள் மருத்துவக் குறிப்பு என்னிடம் இருக்கிறது அம்மா," என்றது பந்தியன் பணிவாக. "ஆனால் மனிதர்களின் ஒன்பது லட்சம் பந்திகளைப் பார்த்துத்தான் நான் பரிமாறக் கற்றேன். முதல் வேண்டாம் மரியாதைக்கு. இரண்டாவது கூச்சத்துக்கு. மூன்றாவது, இன்னும் கொஞ்சம் வற்புறுத்துங்கள் என்பதற்கு. அதன்பிறகு ஊற்றிவிட வேண்டும்."

"வேண்டாம்," என்றாள் நான்காவது முறையாக, நிதானமாக.

கரண்டி அந்தரத்தில் நின்றது.

"நான்காவது வேண்டாம் பதினேழு பந்திகளில் மட்டும் உள்ளது," என்றது பந்தியன். "பதினேழும் சண்டையில் முடிந்தவை. எங்கள்மேல் ஏதாவது கோபமா அம்மா?"

"கோபமெல்லாம் இல்ல. எனக்கு ஒத்துக்காது. அவ்ளோதான்."

பந்தியன் கரண்டியை மெல்லத் தாழ்த்தியது. துரைக்கண்ணு தாங்க முடியாமல் அவள் காதருகே குனிந்தார். "பாவம் அம்சா, அது மூஞ்சி எப்பிடி வாடிப்போச்சு பாரு. அது மனசு நோவாம ஒரே ஒரு கரண்டி வாங்கிக்கயேன்."

பந்தியனுக்கு முகமே கிடையாது.

அம்சவேணி வாய்விட்டுச் சிரித்தாள். இயந்திரத்துக்குப் புரிந்துவிட்டது. ஐந்தாவது 'வேண்டாம்' என்பதைத் துரைக்கண்ணுவிடம் சொன்னாள்.