வட்டார வரலாற்று அறையில் ஒரு செருமல்

லாரிக்காரர் பேச்சை நிறுத்திய இடத்தில் யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

நூலகர் கேசட்டைப் பின்னால் ஓட்டி மறுபடியும் கேட்டாள். இந்தப் புறநகர் உருவான கதையைப் பழைய ஆட்களின் வாயாலேயே பதிந்துவைக்க வேண்டுமென்று, அவளுக்கு முன்பிருந்த நூலகர் இதே அறையில் ஒவ்வொருவராக உட்காரவைத்துப் பேசவைத்த கேசட்டுகள் அவை. பூஞ்சை தின்று தீர்ப்பதற்குள் கணினியில் ஏற்றியாக வேண்டும். செருமல் லாரிக்காரருடையது இல்லை. கேள்வி கேட்டவருடையதும் இல்லை. ஈரமாக, எதுவோ அடைத்துக்கொண்ட செருமல். வெகுநேரமாக வெளியே நிற்பவர், தான் நிற்பதை உணர்த்துவது போல.

பால்காரர் பேசிய கேசட்டிலும் அது இருந்தது. ஆனால் அதில் கதவுக்கு அப்பால். இதில் மேசைக்குப் பக்கத்தில்.

"எல்லாம் சதுப்பு நிலம்மா. விடியறதுக்குள்ள மண்ணடிச்சு மேடாக்கணும்னாங்க. குடிசைங்கள்ல ஆளே இல்ல, காலி பண்ணியாச்சுன்னாங்க. முதல் லோடு நான்தான் கொட்டினேன். அப்போ உள்ளேருந்து..."

செருமல்.

"யாரும்மா அது?"

"யாருமில்ல. நீங்க சொல்லுங்க."

அவர் சொல்லவில்லை. கேசட் தீரும்வரை வெறும் மூச்சுச் சத்தம். இருவருடைய மூச்சாக மட்டும் தெரியவில்லை.

ஜன்னலுக்கு வெளியே மழை வலுத்துக்கொண்டிருந்தது. சாயங்கால வெளிச்சம் அலமாரிகளின் காலடியோடு நின்றுவிட்டது. பழைய காகிதத்தின் வாடைக்கு அடியிலிருந்து, தோண்டிப்போட்ட சேற்றின் வாடை மெல்ல மேலேறியது. அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. எழுந்தாள், உட்கார்ந்தாள், கடைசியில் பழைய நூலகருக்குப் போன் போட்டாள்.

"அக்கா, அந்த லாரிக்காரர் பேசினப்ப ரூம்ல வேற யாரு இருந்தாங்க?"

மறுமுனையில் ஓடிக்கொண்டிருந்த டி.வி. அணைந்தது.

"உனக்கும் கேட்டுடுச்சா?" என்றார் அக்கா. "அதோட நான் பதிவு பண்றதையே விட்டுட்டேன். பழைய ஆளுங்கள கூப்பிட்டேன், வந்தாங்க. பக்கத்துலயே அந்தக் குடிசை ஆளுங்களும் வந்து நின்னுட்டாங்க. அவங்கள வான்னு ஒரு வார்த்தை நான் சொல்லலைங்கறதால நின்னதோட சரி. போட்டது போட்டபடி விட்டுட்டு வீட்டுக்குப் போடி."

போயிருப்பாள். ஆனால் மறுபடி தொடங்கும் பதிவுக்கென்று அவளே வருந்தி அழைத்திருந்த தையல்காரர் வந்துகொண்டிருந்தார். வயதானவர். மழையில் நனைந்து வருகிறவர் பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பக் கூடாது. மைக்கை எதிர் நாற்காலியின் பக்கம் திருப்பி, பதிவை ஓடவிட்டுச் சரிபார்த்தாள். ஒயர் இரண்டு முறை கழன்றது, மறுபடி செருகினாள்.

முதுகுக்குப் பின்னால் ஒரு செருமல்.

அப்பாடா என்றிருந்தது. திரும்பாமலே, "வாங்கய்யா, உக்காருங்க. உங்களுக்காகத்தான் காத்துட்டிருக்கேன்" என்றாள்.

ஈரக் கால்களின் சத்தம் அவளைக் கடந்து போனது. மெதுவாக.

போன் அடித்தது. தையல்காரர்.

"மன்னிச்சுக்கம்மா, மழை விடவே மாட்டேங்குது. நாளைக்கு வரட்டுமா?"

அவள் நிமிர்ந்தாள்.

எதிர் நாற்காலி. காலி. அதன் மெத்தை அமுங்கியிருந்தது. விளிம்பிலிருந்து சேற்றுநீர் சொட்டியது.

அறையில் சத்தமே இல்லை. ஆனால் கணினித் திரையில், பதிவாகும் ஒலியைக் காட்டும் பச்சைக் கோடு துள்ளியது. ஏறியது. இறங்கியது. தயங்கியது. மறுபடி ஏறியது.

யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள்.

போன் கைநழுவி விழுந்தது. எடுக்கவில்லை. கதவு. கதவைத் திறந்தால் போதும். திறந்தாள்.

வாசிப்புக்கூடத்தில் ஒரு நாற்காலிகூட மேசையருகே இல்லை. எல்லாம் நகர்ந்து, வரிசை கட்டி, இந்தக் கதவைப் பார்த்துத் திரும்பியிருந்தன. எல்லா மெத்தைகளும் அமுங்கியிருந்தன.

முன்வரிசையில், குழந்தைகள் பிரிவின் குட்டி நாற்காலிகள். அவற்றிலிருந்தும் சேறு சொட்டிக்கொண்டிருந்தது.