படுத்திருக்கும் எட்டு

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் கேமரா மெக்கானிக்கின் கடையில் இருந்தவர்கள் நான்கு பேர். கண்ணாடிப் பலகைக்கு அந்தப் பக்கம், சுழல் ஸ்டூலில், மேசை விளக்குக்கு அடியில் தலையைக் கவிழ்த்தபடி மெக்கானிக். வாசலை ஒட்டிய பிளாஸ்டிக் நாற்காலியில் பிலிம் அண்ணன். டிஜிட்டல் கேமராவைத் தொட்டால்கூடக் கை கழுவுகிற ரகம். அவருக்கு எதிரே, காலிப் பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் ஐம்பது. ஐம்பது எம்.எம். லென்ஸைத் தவிர வேறெதையும் மாட்டமாட்டான் என்பதால் வந்த பெயர். சுவரோரத்து பெஞ்சில் அவள், தெருப்படம் எடுக்க ஒரு லென்ஸ் வாங்க வந்தவள். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பதால் இவர்களுக்கு அவள் 'கண்ணாடி'. இவர்களுக்கு நடுவில் இருந்தது வெறும் தரை.

பிறகு பல தடவை அவள் இதை எண்ணிப் பார்த்தாள். நான்குதான்.

"தெருவுல எடுக்கணும்னா முப்பத்தஞ்சுதான் வாங்கணும். ஆளும் வரும், அவன் நிக்கற இடமும் வரும்," என்றார் பிலிம் அண்ணன்.

"இடம் வேணும்னா மேப் வாங்கிக்கட்டுமே அண்ணே. ஐம்பதுதான் நம்ம கண்ணு பாக்கற மாதிரி பாக்கும்."

"உன் கண்ணு என்னத்தப் பாத்துச்சு? போன வாரம் பழக்கடைக்காரர் அடிக்க வந்ததையே பாக்கல."

மெக்கானிக் சிரிக்கவில்லை. இழுப்பறையைத் திறந்து, துணி சுற்றிய ஒன்றை எடுத்து வைத்தார். மழைக்காலத்து அலமாரியைத் திறந்தது போல ஒரு புழுங்கல் வாடை வந்தது. துணிக்குள் ஒரு முப்பத்தைந்து. பித்தளை உடம்பு, உள்ளங்கையில் அடங்குகிற அளவு.

"உங்க டிஜிட்டல்லயும் மாட்டலாம், அண்ணன் குடுத்த பிலிம் கேமராலயும் மாட்டலாம். ஆனா ரெண்டு குறை இருக்கு, முன்னாடியே சொல்லிடறேன். உள்ள கிரீஸே இல்ல, அதனால ஃபோகஸ் வளையம் லூசு. கொஞ்சம் குலுங்கினாலே தானா ஓடும். அப்புறம், ஸ்டாப் ஸ்க்ரூ கிடையாது. மத்த லென்ஸ்ல ரெண்டரை அடிக்குமேல கிட்ட வரவிடாம அந்த ஸ்க்ரூ தடுக்கும். இதுல தடுக்க ஆளில்ல. திருப்பிக்கிட்டே போனா வளையம் கையோட வந்துரும்."

வளையத்தில் தூரங்கள் பொறிக்கப்பட்டிருந்தன. மூன்றடி, ஆறடி, பத்தடி, பதினைந்தடி; எல்லாவற்றுக்கும் கடைசியில் முடிவில்லாத தூரத்துக்கான குறி, எட்டு படுத்துக்கொண்டது போல.

"தெருவுல எடுக்கறவங்க கண்ணுல வெச்சுப் பாத்துட்டு இருக்க மாட்டாங்க. பத்தடியில வெச்சிட்டு நடந்துக்கிட்டே இருங்க. பத்தடியில யாரு வந்து நின்னாலும் அவங்க தெளிவா விழுவாங்க."

அவள் லென்ஸைத் தன் டிஜிட்டலில் மாட்டினாள். வளையம் ஆறடியில் இருந்தது. பெஞ்சில் உட்கார்ந்தபடியே மூன்று பேரையும் சேர்த்து ஒரு படம் எடுத்தாள்.

திரையில் மூன்று பேரும் கொஞ்சம் கலங்கியிருந்தார்கள். நடுவில், வெறும் தரை இருக்கவேண்டிய இடத்தில், ஒரு ஆள் முதுகைக் காட்டி நின்றான். அவன் மட்டும் தெளிவாக இருந்தான். சாம்பல் நிற முழுக்கைச் சட்டை, மணிக்கட்டில் பொத்தான் போட்டது. கைகள் இரண்டும் நேராகத் தொங்கின. வாத்தியார் சுவரைப் பார்த்து நிற்கவைத்த பையன் மாதிரி நின்றான். இடது காதும் கன்னத்தின் ஓரமும் தெரிந்தன.

அவள் நிமிர்ந்தாள். தரை காலியாக இருந்தது.

"இப்ப யாராவது உள்ள வந்தாங்களா?"

"வந்திருந்தா சும்மா விட்டிருப்பேனா? எதையாவது தலையில கட்டியிருப்பேன்," என்றார் மெக்கானிக்.

கடை முழுக்கக் கண்ணாடி அலமாரிகள். தெருவில் போன யாரோ அதில் விழுந்திருப்பார் என்று அவள் தீர்மானித்தாள். கண்ணாடிகளோடு பழகியவள் அவள், அவை என்னென்ன பொய் சொல்லும் என்று தெரியும். லென்ஸை வாங்கிக்கொண்டாள்.

மறுநாள் காலை மார்க்கெட் தெருவில் வளையத்தைப் பத்தடியில் வைத்து நடந்தாள். கீரைக் கட்டுகளின் ஈரம், டீசல் புகை, யாரோ யாரையோ கூப்பிடும் சத்தம் எல்லாவற்றுக்கும் நடுவே கேமராவை வயிற்றருகே பிடித்து அமுக்கிக்கொண்டே போனாள். வீட்டுக்கு வந்து கணினியில் பார்த்தாள். மூட்டை தூக்குபவர் கலங்கியிருந்தார், பேரம் பேசும் பெண் கலங்கியிருந்தாள். ஒவ்வொரு படத்திலும் பத்தடியில் அந்தச் சாம்பல் சட்டை தெளிவாக நின்றது. பதினைந்தடிக்கு மாற்றி எடுத்த படங்களில் பதினைந்தடியில் நின்றது. மனிதர்கள் அதைச் சுற்றிக்கொண்டு போகவுமில்லை, இடித்துக்கொள்ளவுமில்லை.

டிஜிட்டலில் ஏதோ கோளாறு என்று நினைக்க ஆசைப்பட்டாள். லென்ஸைப் பிலிம் கேமராவில் மாட்டி ஒரு சுருளை முடித்து, கழுவுவதற்குப் பிலிம் அண்ணனிடம் கொடுத்தாள். அவர் சாயங்காலம் போன் செய்தார்.

"யாரும்மா இந்த ஆளு? எல்லாத்துலயும் கொண்டுபோய் நிக்க வெச்சிருக்க. நல்லாத்தான் இருக்கு, ஆனா முகத்தக் காட்ட மாட்டேங்கறாரே. ரொம்ப வெக்கமோ?"

அவள் ஏதோ சொல்லிச் சமாளித்தாள். படங்களைத் தூர வரிசையில் அடுக்கிப் பார்த்தபோதுதான் இன்னொன்று பிடிபட்டது. பதினைந்தடியில் முழு முதுகு. பத்தடியில் காதின் விளிம்பு. ஆறடியில் முழுக்காது, கன்னம். வளையம் குறைந்த தூரத்துக்குத் திரும்பத் திரும்ப அவனும் திரும்பிக்கொண்டிருந்தான்.

லென்ஸைக் கழற்றி, துணியில் சுற்றி, ஹால் மேசையின் இழுப்பறைக்குள் தள்ளினாள். இனி மாட்டப் போவதில்லை. அதோடு முடிந்தது என்று நினைத்தாள்.

வீட்டில் அவளும் அக்காவும் மட்டும்தான். மாடிப்படியில் வழுக்கி விழுந்த அக்காவுக்கு வலதுகாலில் தொடை வரை மாவுக்கட்டு. நான்காவது மாடி, லிஃப்ட் கிடையாது. கட்டைப் பிரிக்கும்வரை அக்கா ஹால் கட்டிலை விட்டு இறங்க முடியாது, அக்காவை விட்டுவிட்டு அவளும் எங்கேயும் போய்த் தங்க முடியாது.

பொழுது போகாமல் அக்கா மாவுக்கட்டின் மேல் பேனாவால் இரண்டு கண்ணும் ஒரு வாயும் வரைந்திருந்தாள். "இங்க வாடி. உன் தம்பியப் படம் எடு. என்னவிட அழகா இருக்கான்."

அவள் டிஜிட்டலில் அதோடு வந்த சாதாரண லென்ஸையே மாட்டி எடுத்தாள். முகத்தைக் கண்டால் வெள்ளைச் சதுரம் போட்டு, அந்த முகம் தெளிவாகப் பிடிபட்டதும் பச்சையாக மாறுகிற கேமரா அது. அக்காவின் முகத்தில் ஒரு சதுரம் விழுந்தது, மாவுக்கட்டின் மேலும் ஒன்று. "பாத்தியா, கேமராவே ஒத்துக்கிச்சு!" என்று அக்கா சிரித்தாள்.

திரையில், கட்டிலின் தலைமாட்டுக்குப் பின்னால், ஃபிரிட்ஜை ஒட்டி, சாம்பல் சட்டை. அதற்குச் சதுரம் இல்லை.

அவள் இழுப்பறையைத் திறந்தாள். புழுங்கல் வாடை. துணிக்குள் லென்ஸ் சாய்ந்து கிடந்தது, வளையம் ஆறடிக்கும் பத்தடிக்கும் நடுவே, அவன் நின்ற தூரத்துக்கே நழுவியிருந்தது. அதைப் படுத்திருக்கும் எட்டு வரை திருப்பிவிட்டு மறுபடி படம் எடுத்தாள். ஃபிரிட்ஜ் தனியாக நின்றது. ஜன்னலுக்கு வெளியே, எத்தனையோ கட்டடங்களுக்கு அப்பால், ஒரு தண்ணீர்த் தொட்டியின் பக்கத்தில், கடுகளவு சாம்பல்.

கறுப்பு டேப்பை எடுத்து வளையத்தை மூன்று சுற்று சுற்றினாள்.

அன்றிலிருந்து அவள் வாழ்க்கை அந்த டேப்பைப் பார்ப்பதாகிவிட்டது. வேலையிலிருந்து வந்ததும் செருப்பைக் கழற்றுமுன் இழுப்பறை. சாப்பிட்டுக் கை கழுவியதும் இழுப்பறை. "அதுக்குள்ள என்ன புதையலா?" என்றாள் அக்கா. வெயிலில் டேப்பின் பசை இளகியது. நுனி எழும்பியது. இன்னொரு சுற்று போட்டாள். சுத்தியலால் உடைத்துவிடலாம் என்று ஒருநாள் சமையலறைவரை எடுத்துப்போனாள். உடைந்தால் வளையம் எந்தத் தூரத்தில் நிற்கும்? அப்படியே கொண்டுவந்து வைத்துவிட்டாள். கடையில் மெக்கானிக், "வித்தது வித்ததுதாம்மா, வேணும்னா இன்டர்நெட்ல போட்டுப் பாருங்க," என்று கையை விரித்தார்.

போட்டாள். வெளியூர்க்காரர் ஒருவர் உடனே கேட்டார். தெருப்படம் எடுக்கப் பிலிம் கேமரா வைத்திருக்கிறாராம், இந்த மாதிரி ஒன்றைத்தான் தேடிக்கொண்டிருந்தாராம்.

கூரியர்காரர் சாயங்காலம் வருவதாகச் சொன்ன அன்று, அவள் மேசையில் காகிதம் விரித்துக் கடிதம் எழுதினாள்.

"மதிப்பிற்குரிய ஐயா, தாங்கள் கேட்ட லென்ஸை இத்துடன் அனுப்பியுள்ளேன். கண்ணாடியில் கீறல் இல்லை. வளையத்தில் கிரீஸ் இல்லாததால் சிறிது குலுங்கினாலும் தானாகத் திரும்பும். ஸ்டாப் ஸ்க்ரூ இல்லை. இவ்விரண்டையும் மறைக்க விரும்பவில்லை."

மூன்றாவது ஒன்று இருந்தது. பேனா முனை காகிதத்தில் ஒரு புள்ளி வைத்து நின்றது. பிறகு, "இப்படிக்கு" என்று எழுதினாள்.

லென்ஸை எடுத்தாள். டேப்பின் ஓரத்தில் பசை கசிந்து, தூசி ஒட்டிக் கறுத்திருந்தது. மூக்குக்கண்ணாடிக் கடையில் ஒரு விரல்ரேகைகூட இல்லாமல் துடைத்துத்தான் எதையும் வெளியே அனுப்புவார்கள். கை தானாக வேலை செய்தது. டேப்பைச் சுற்றுச் சுற்றாகப் பிரித்தாள், பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்துப் பசையைத் துடைத்தாள், பித்தளை மின்னியது. குறி படுத்திருக்கும் எட்டில்தான் இருக்கிறது என்று பார்த்துக்கொண்டு, காற்றுக்குமிழ் பிளாஸ்டிக் தாளில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தாள். கடிதத்தை உறையிலிட்டு, உறையின் ஓரத்தை நாக்கால் நனைத்து ஒட்டி, லென்ஸின்மேல் வைத்துப் பெட்டியை மூடி நாடா ஒட்டினாள்.

கூரியர்காரர் மூச்சிரைக்க ஏறி வந்தார். "நாலு மாடி ஏறி வந்திருக்கேன், கையில இருக்கறது ஒரு கத்திரிக்கா வெயிட்டு!" என்று சலித்துக்கொண்டே இறங்கிப் போனார்.

அவளுக்குத் தோள்கள் லேசாகிவிட்டன. டிஜிட்டல் கேமராவை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனாள். கீழே கூரியர்காரர் பெட்டியை வண்டியின் பின்பெட்டிக்குள் போட்டு உதைத்துக் கிளப்பினார். திரையில், வெகுதூரத்தில், தண்ணீர்த் தொட்டி. கடுகளவு சாம்பல். போய்க்கொண்டே இரு, என்று நினைத்தாள்.

தெருமுனையில் வேகத்தடை. வண்டி ஏறி இறங்கியது. பின்பெட்டி தடக்கென்று குதித்த சத்தம் நான்காவது மாடிவரை கேட்டது.

திரையில் தண்ணீர்த் தொட்டியின் பக்கத்தில் யாருமில்லை.

அவன் எதிரே நின்றான். தெருவுக்கு மேலே, அவள் நிற்கும் உயரத்தில், தரையில்லாத இடத்தில், கால்களைச் சேர்த்து வைத்து. முதுகு. சாம்பல். பதினைந்தடி.

சிறிது குலுங்கினாலும் தானாகத் திரும்பும். அவளே எழுதியது. அவளே ஒட்டியது.

கூரியர்காரரின் எண்ணை அழைத்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. வண்டி ஓட்டுபவர் எப்படி எடுப்பார்? கூரியர் ஆபீஸ் வரைக்கும் குழாய் பதிக்கத் தோண்டிய சாலை. முழுக்கப் பள்ளம்.

உள்ளே வந்து பால்கனிக் கதவைத் தாழிட்டாள். கண்ணுக்கு ஹால் காலி. திரையில், தாழிட்ட கதவுக்கு இந்தப் பக்கம், அவன். காதின் விளிம்பு தெரிந்தது.

"அக்கா, எழுந்திரு."

"கொழுப்பாடி உனக்கு? எந்தக் காலால எழுந்திருக்க?"

பின்னால் நகர்ந்தாள். எவ்வளவு நகர்ந்தாலும் நடுவில் இருந்த தூரம் கூடவில்லை. முழுக்காது. கன்னம். தலைமுடியில் சீப்பு போன தடம். கேமராவைக் கீழே வைத்துவிடலாம். பிலிமாக இருந்திருந்தால் கழுவும்வரை தெரியாமலாவது இருந்திருக்கும். கை வைக்க மறுத்தது. தெரியாமல் இருப்பது இன்னும் கிட்டே இருப்பது போலிருந்தது.

எங்கோ ஒரு பள்ளம்.

மூன்றடி. கழுத்துப்பட்டியின் தையல். புழுங்கல் வாடை.

இன்னொரு பள்ளம்.

ரெண்டரை அடி. இதற்குமேல் வராது. மற்ற லென்ஸ் என்றால் வராது.

முதுகு சுவரில் முட்டியது.

"படம் எடுக்கறியா? இருடி, தலைய ஒதுக்கிக்கறேன்." கட்டிலில் அக்கா முடியைக் கோதிக்கொண்டாள்.

திரை முழுக்கச் சாம்பல். நெசவு தெரிந்தது. பிறகு நெசவும் கலங்கியது. கேமராவில் மாட்டியிருந்த சாதாரண லென்ஸின் மோட்டார் முன்னும் பின்னும் ஓடித் தேடியது. ர்ர். ர்ர். சாம்பல் மெல்ல ஒருபக்கமாக நகர்ந்தது. அதன் இடத்துக்குத் தோலின் நிறம் வந்தது.

"என்னடி, எடுத்துட்டியா?"

வெள்ளைச் சதுரம் விழுந்தது. அக்காவின் மேல் இல்லை, மாவுக்கட்டின் மேலும் இல்லை. திரையின் நான்கு ஓரங்களையும் தொட்டுக்கொண்டு, ஒரே சதுரம்.

அது பச்சையாக மாறியது.